உறங்காத இரவுகளைக் கவனியுங்கள்

என் சாச்சியின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். திடீரென ஒரு வாரத்துக்கும் மேலாக, இரவில் இரண்டு மணித்தியாலம்தான் உறங்கினாள். ஆனாலும் களைப்பே இல்லை. சுபஹுக்கு எல்லோருக்கும் முன்னே எழுந்து நிற்பாள். ஒரே நாளில் நான்கு பாடங்களுக்குக் குறிப்பெழுதத் தொடங்கினாள், ஒன்றையும் முடிக்கவில்லை. ஓயாமல் பேசினாள். நாட்டிலேயே முதலாவதாக வருவேன் என்றாள். மறுத்துப் பேசினால் சீறினாள்.

“தங்கச்சியைப் பார்த்துப் படி” என்றார் என் உம்மா. நானும் பொறாமைப்பட்டேன்.

இரண்டு மாதங்களின் பின் அவள் கட்டிலை விட்டு எழவில்லை. சோம்பல் என்றோம், பிறகு கண்ணூறு என்றோம். இருமுனைக் கோளாறு என்றார் வைத்தியர்.

மிகை எழுச்சி ஒரு முனை, மனச்சோர்வு மறு முனை. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இந்நோய் வெளிப்படும்; சிறு பிள்ளைகளில் அரிது. ஆகவே பிள்ளையின் ஒவ்வொரு கோபத்துக்கும் அஞ்ச வேண்டாம். மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, உறக்கம். பரீட்சைப் பயத்தால் விழித்திருந்த பிள்ளை மறுநாள் சோர்ந்துவிடும். மிகை எழுச்சியில் உள்ள பிள்ளைக்கு உறக்கமே தேவைப்படாததுபோல் இருக்கும்.

இரண்டாவது, காலம். ஒரு மாலையில் வந்து போகும் கோபமல்ல இது. மிகை எழுச்சி பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்கும். மனச்சோர்வு இரண்டு வாரங்களாவது நீடிக்கும்.

மூன்றாவது, மாற்றம். சிறு வயது முதலே துறுதுறுப்பான பிள்ளை வேறு. அமைதியான பிள்ளை திடீரென வேறொருத்தியாவது வேறு. குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால் கூடுதலாகக் கவனியுங்கள்.

பெற்றோரே, பிள்ளை சோர்ந்த பின்னர்தான் நாம் வைத்தியரிடம் ஓடுகிறோம். அப்போது முந்திய உற்சாக நாட்களையும் மறக்காமல் சொல்லுங்கள். அதை அறியாமல் மனச்சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால், சிலருக்கு மிகை எழுச்சி தூண்டப்படலாம்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள்; தனியே விடாதீர்கள்; உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.

தோழியரே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கலாம். அவளைக் கேலி செய்யாமல், நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் சொல்லுங்கள்.

என் தங்கச்சி இப்போது ஒழுங்காக மருந்து எடுக்கிறாள். அடுத்த வருடம் பரீட்சை எழுதுவாள். அவள் உறங்கிய நேரத்தைச் சாச்சி தினமும் ஒரு கொப்பியில் குறித்து, வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்.