கரண்ட் போய் வந்தது, கம்ப்யூட்டர் எழவில்லை: வேலையில் பெயர் வாங்கும் நேரம்

ஃப்ரிபூர்க்கில் கரண்ட் போவது அபூர்வம். சுவிட்சர்லாந்தில் ஒரு வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சராசரி மின்தடை அரை மணி நேரம் வராது. பழக்கமில்லாததால், போய் வந்தவுடன் ஆபீஸே பதறும். 2022இல் இலங்கையில் ஒரே நாளில் 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் சமாளித்த சொந்தங்கள் உள்ள நீங்கள் பதறக் கூடாது. கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டர் எழவில்லை என்ற இதே சிக்கலை ஐடி சப்போர்ட் இன்டர்வியூவிலும் கேட்பார்கள். எந்த வரிசையில் யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பதற்காகத்தான்.

1. முதலில் கேளுங்கள். ஃபேன் சுற்றுகிறதா? லைட் எரிகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா? பாதி வேலை இங்கேயே முடியும். ஃப்ரிபூர்க் இரட்டை மொழி ஊர். இந்த மூன்று கேள்வியையும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் தடுமாறாமல் கேட்கப் பழகுங்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்த போட்டியாளரை இங்கேயே முந்தலாம்.

2. உயிரே இல்லையா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். பின்பக்க சுவிட்சைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திவிட்டு மறுபடி செருகுங்கள். பவர் சப்ளையின் பாதுகாப்பு லாக் ஆகியிருந்தால் இதிலேயே எழும். இல்லாவிட்டால் வேறொரு நல்ல பவர் சப்ளையை மாட்டிப் பாருங்கள். பழையதைப் பிரிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

3. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. மானிட்டர் கேபிள், பிறகு ரேம்: கழற்றி மாட்டுங்கள்.

4. புதியவர்கள் சறுக்கும் இடம் இது. திரையில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. கரண்ட் போனதும் பயாஸ் செட்டிங் அழிந்துவிட்டது. டிஸ்க் மோட் மாறியதால் விண்டோஸ் எழவில்லை. பேட்டரியை மாற்றி, பழைய மோடைத் திரும்ப வையுங்கள். விண்டோஸை ரீ-இன்ஸ்டால் செய்யப் பாயாதீர்கள்! பயாஸில் கை வைக்கும் முன் 48 இலக்க பிட்லாக்கர் கீயை அட்மினிடம் வாங்கி வையுங்கள்.

5. டிஸ்க்கில் எரர் வந்தால் முதலில் டேட்டாவை காப்பி எடுங்கள். செக்டிஸ்க் அதற்குப் பிறகுதான். அது ஃபைல் சிஸ்டத்தையே மாற்றி எழுதும். போன ஃபைலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வேலை முடிந்ததும் டிக்கெட்டில் காரணம், செய்தது, எடுத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். மறுநாளே சர்வருக்கு யுபிஎஸ் வேண்டும் என்று அரைப் பக்க மெயில் போடுங்கள். செய்த வேலையை மேனேஜர் தானாகக் கவனிப்பார் என்று காத்திருக்காதீர்கள். சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 330ஏ பிரிவின்படி, உங்கள் வேலைத்திறனையும் நடத்தையையும் குறிப்பிடும் வேலைச் சான்றிதழை எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். இங்கே அடுத்த வேலைக்கு அப்ளை செய்யும்போது அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த மேனேஜர் வேறு கம்பெனிக்கு மாறுவதாகத் தெரிந்தால், அவர் கிளம்பும் முன்பே இடைக்காலச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.