புதுக் கன்ட்ரோலர் இப்போது வேண்டாம், கண்ணு

கோயமுத்தூர்

அன்புள்ள கண்ணுக்கு, மாமா எழுதுவது.

கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் செருகினால் லைட் எரிகிறது, கேமில் மட்டும் ஒன்றும் அசையவில்லை, காரமடையில் ரயிலேறி வந்து காந்திபுரத்தில் புதுசு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு சாமி. கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாமல் காசைச் செலவழிக்கக் கூடாது.

லைட் எரிய கரண்ட் வந்தால் போதும். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நாலு ஒயர் இருக்கும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விலை குறைந்த சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் தகவல் ஒயரே கிடையாது. அதனால் போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போட்டோ ஏற்றுகிற கேபிள் வீட்டில் இருந்தால், முனை பொருந்துமானால், அதை மாட்டிப் பார்.

அடுத்து, விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்து. வரும் பெட்டியில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளியில்லாமல் அடித்து என்டர் தட்டு. பட்டியலில் கன்ட்ரோலர் பெயர் இருந்தால் அதன் பிராப்பர்டீசைத் திற. பட்டனை அமுக்கினால் வட்டம் ஒளிரும், குச்சியை ஆட்டினால் கூட்டல் குறி நகரும். எக்ஸ்பாக்ஸ் வகையில் இரண்டு டிரிகரையும் சேர்த்து அமுக்கினால் கோடு நடுவிலேயே நிற்கும். பயந்துவிடாதே. அந்தப் பழைய திரை இரண்டையும் ஒரே கோட்டில் காட்டுவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது.

இங்கே எல்லாம் சரி, கேமில்தான் இல்லை என்றால், கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கிறது. சிக்கல் இப்படி வந்திருக்கும்: தொண்ணூறுகளில் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த டைரக்ட்இன்புட் முறையில் பட்டன்களுக்கு வெறும் எண்தான். ஒரு கம்பெனிக்கு ஒன்றாம் பட்டன் கீழே, இன்னொன்றுக்கு மேலே. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது எக்ஸ்இன்புட் வந்தது. ஏ, பி, எக்ஸ், ஒய் என்று இடமும் பெயரும் நிலையாயின. அதற்குப் பின் வந்த கேம்கள் பலவும் எக்ஸ்இன்புட்டை மட்டுமே கேட்கும். உன் கன்ட்ரோலர் பழைய முறையில் பேசினால் அவற்றின் காதில் விழாது.

சில கன்ட்ரோலர்களில் முறை மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் நடுப் பட்டனைச் சில வினாடி அமுக்கிப் பிடித்தால் மாறும். அதோடு வந்த சீட்டைப் படி. பிளேஸ்டேஷன் வகையாக இருந்தால், கேம் வாங்குகிற ஸ்டீம் செயலியைத் திறந்து, அந்த கேமின் பிராப்பர்டீசில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டீம் இன்புட்டை இயக்கு. அது நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுக்கும். ஸ்டீமில் வாங்காத கேமையும் அதன் லைப்ரரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்இன்புட்டில் நாலு கன்ட்ரோலருக்குத்தான் இடம் உண்டு. சில கேம்கள் முதல் இடத்தை மட்டும் பார்க்கும். ஆகவே வேறு கன்ட்ரோலர், அதன் ரிசீவர் எதுவும் செருகியிருந்தால் கழற்றிவிடு. கன்ட்ரோலரை மாட்டிய பிறகே கேமைத் திற. திறக்கும்போது மட்டும் தேடுகிற கேம்களும் இருக்கின்றன.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாரோ ஏற்றிவைத்த டிரைவர் எதையும் இறக்கிப் போடாதே. கம்பெனி தளமோ விண்டோஸ் அப்டேட்டோ தருவது போதும். பேர் தெரியாத இடத்திலிருந்து வருவதோடு வைரசும் சேர்ந்து வரலாம். அப்பா கணக்கு வழக்கெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது.

நான் எழுதிய வரிசையிலேயே செய்து, எந்த இடத்தில் நின்றது என்று எழுது. மாசி மகத் தேருக்கு வரும்போது நேரில் பார்க்கிறேன். அதுவரை எதையும் வாங்காதே.

அன்புடன்,
மாமா