‘ரகசியம்’ என்று முத்திரையிட்ட கடிதத்தைப் பத்திரிகை வெளியிடலாமா?

கேள்வி: ஆவடியில் சிறிய மாத இதழ் நடத்திவரும் வாசகர் ஒருவர், அப்பகுதியிலுள்ள பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்களின் தரம் பற்றி எழுதப்பட்ட அலுவலகக் கடிதத்தின் நகல் ‘ரகசியம்’ என்ற முத்திரையுடன் தமக்குக் கிடைத்திருப்பதாகவும், அதை வெளியிட்டால் வழக்கு வருமா, வெளியிடும் முன்பே அதிகாரிகள் தடுக்க முடியுமா என்றும் கேட்டுள்ளார்.

பதில்: இரண்டாவது ஐயத்திற்குச் சட்டம் தெளிவாகவே விடை தருகிறது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறைத்துறை தடுக்க முயன்றபோது, ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், பத்திரிகைக்கு முன்தடை விதிக்க அதிகாரிகளுக்கு எச்சட்டமும் அதிகாரம் அளிக்கவில்லை என்று 1994இல் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரியில் ‘தி இந்து’ நாளிதழில் என். ராம் வெளியிட்ட ரஃபேல் போர் விமான ஆவணங்களை, அவை களவாடப்பட்டவை என்பதால் நீதிமன்றம் பார்க்கவே கூடாது என ஒன்றிய அரசு வாதிட்டது. அவ்வாட்சேபத்தை அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று நிராகரித்த மூன்று நீதிபதிகள் அமர்வு, ரகசியம் எனக் குறிக்கப்பட்ட ஆவணம் வெளியாவதைத் தடுக்கும் அதிகாரத்தை அரசு நிர்வாகத்துக்குத் தரும் சட்டப் பிரிவு எதுவும் தன் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை என்றும் பதிவுசெய்தது.

ஆயினும், முன்தடை இல்லை என்பதால் வெளியீட்டுக்குப் பின் வழக்கும் வராது என்று கொள்ளலாகாது. அலுவல் ரகசியச் சட்டம் பத்திரிகைகளையும் கட்டுப்படுத்தும் என்று ராஜகோபால் தீர்ப்பே கூறுகிறது. 1923இல் ஆங்கிலேய அரசு இயற்றிய அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட இடம் தொடர்பான ஆவணத்தை அனுமதியின்றித் தருபவரை மட்டுமின்றி, சட்டத்தை மீறித்தான் தரப்படுகிறது என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ விரும்பிப் பெறுபவரையும் குற்றவாளியாக்குகிறது; தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘தடைசெய்யப்பட்ட இடம்’ என்பது படைத்தளம், ஆயுதக்கிடங்கு, தளவாடத் தொழிற்சாலை போன்றவற்றைக் குறிக்கும் சட்டச் சொல். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் அரசு நிறுவனங்களாக மாற்றப்பட்டு, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை கவச வாகன நிகாம் நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டதால் இச்சொல் இனி அதற்குப் பொருந்தாது என்று கருதுவது ஆபத்து. ஏனெனில், அரசுக்குச் சொந்தமல்லாத இடமானாலும் அரசுக்காக ஒப்பந்தத்தின்பேரில் தளவாடம் செய்யப்படும் இடத்தையும் சட்டம் உள்ளடக்குகிறது. டாங்கியின் ஒரு பாகமும் தளவாடமே ஆகையால், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு சிறு பட்டறைகூட இவ்வரையறைக்குள் வரும் என வாதிட இடமுண்டு.

வெறும் முத்திரை ஒரு தாளை ரகசியமாக்கிவிடாது என்பதும், வெளிப்பட்டால் நாட்டின் பாதுகாப்பு உண்மையில் பாதிக்கப்படுமா என்பதே உரைகல் என்பதும் நியாயமான வாதங்களே. 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆவடிக்கு ஆணை தரப்பட்டதைப் பாதுகாப்பு அமைச்சகமே 2021இல் அறிவித்த பின், அதே விவரம் ஒரு கோப்பில் முத்திரையுடன் இருப்பதனால் அது ரகசியமாகிவிடாது. மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேசியப் பாதுகாப்பு என்ற வாதத்தை ஆதாரமின்றி எழுப்ப முடியாது என்று கூறியதும் இங்கே துணைநிற்கும். ஆனால் இவ்வாதங்கள் வெல்வதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் 2002 ஜூனில் கைதான பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி, தம்மிடம் இருந்தது பாகிஸ்தான் ஆய்வு நிறுவனம் ஒன்று ஏற்கெனவே வெளியிட்ட தகவல் என்ற நிலையிலும், அரசு வழக்கைத் திரும்பப் பெற்ற 2003 ஜனவரி வரை ஏறத்தாழ ஏழு மாதம் சிறையிலிருந்தார். அரசின் அதிகாரம் பெற்ற புகாரின்றி நீதிமன்றம் இவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க இயலாது என்ற 13ஆம் பிரிவின் காப்பும் அவருக்கு உதவவில்லை, புகார் தரும் முடிவு அரசின் கையிலேயே இருப்பதால்.

ஆதலால் கடிதத்தின் படத்தையோ வாசகங்களையோ அச்சிடாமல், அதிலுள்ள உண்மையை வேறு வழியில் பெறுவதே தக்கது. நிகாம் நிறுவனம் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பொது அமைப்பு என்பதால், பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, முப்பது நாளில் பதிலைக் கோரலாம். நாட்டின் பாதுகாப்பைக் காட்டி மறுத்தாலும், பொதுநலன் மேலோங்குமிடத்தில் அலுவல் ரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்ற 8(2)ஆம் பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்யலாம். ஆவடியிலேயே உள்ள போர் வாகன ஆய்வு நிலையம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்ததாகையால் 24ஆம் பிரிவின்படி விலக்குப் பெற்றிருப்பினும், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அவ்விலக்கு இல்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளையும் அச்சமின்றி மேற்கோள் காட்டலாம்.

தரக்குறைவான பாகத்தால் ஒரு படைவீரர் உயிரிழக்க நேரலாம் என்னும்போது அதை எழுதியவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய, பொதுநலன் என்ற எதிர்வாதத்துக்கே இடமளிக்காத அலுவல் ரகசியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு நீதியானதன்று. இச்சட்டத்தையே நீக்கிவிட வேண்டுமென இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் பரிந்துரைத்தும் அது இன்றும் நீடிக்கிறது. வாசகர், கடிதம் தந்தவரின் பெயரை எவரிடமும் வெளியிடாமல், நகலைப் பிறருக்கு அனுப்பாமல், குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் கலந்தபின் தகவல் உரிமை விண்ணப்பத்தை உடனே அனுப்புவாராக.