கெப்பாசிட்டருக்குள் ஒளிந்திருக்கும் ரெசிஸ்டர்

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பக் கன்வெர்ட்டரை எல்டிஸ்பைஸ் என்னும் இலவச மென்பொருளில் வரைந்து பார்த்தேன். 100 கிலோஹெர்ட்ஸ், 100 மைக்ரோஹென்றி காயில், 100 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர். அவுட்புட்டில் ரிப்பிள் 4 மில்லிவோல்ட் கூட இல்லை. போர்டில் சால்டர் செய்தபோது வந்ததோ 90! சென்சார் அளவு ஒரு நிலையில் நிற்கவில்லை. மென்பொருள்காரன் அல்லவா, புரோகிராமில் பிழை தேடியே இரண்டு இரவுகள் போயின.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு உள் மின்தடை உண்டு. என்னுடையதில் 0.3 ஓம். காயில் கரண்ட் 0.29 ஆம்பியர் ஏறி இறங்குகிறது, பெருக்கிப் பாருங்கள். நாம் சொல்லாவிட்டால் எல்டிஸ்பைஸ் இதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். கெப்பாசிட்டரில் ரைட் கிளிக் செய்து, ஈக்விவலன்ட் சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் கட்டத்தில் 0.3 என டைப் செய்து ரன் கொடுங்கள். அதே 90 திரையில் தெரியும். 0.03 ஓம் உள்ள லோ இஎஸ்ஆர் வகையை மாற்றியதும் ரிப்பிள் சுமார் 10 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது.