பக் இன நாய்க்குட்டி வாங்குமுன் அறிய வேண்டுவன

நாய்க்குட்டி வளர்க்க வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்பதும், வீட்டில் இடம் குறைவாதலின் சிறிய இனமாகப் பார்க்கலாமெனப் பெற்றோர் இசைவதும் நம் குடும்பங்களில் இன்று காணக்கூடியதே. அவ்வாறு தேடுவோர் கண்ணில் முதலில் படுவது ‘பக்’ எனும் இனம். தட்டையான முகம், பெரிய கண்கள், நெற்றியில் மடிப்புகள், சுருண்ட வால். 2003ஆம் ஆண்டில் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னே விடாது நடந்த நாய் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன்பின் நம் நாட்டில் இதன்மேல் எழுந்த விருப்பம் பெரிது.

நம் உறவினர் ஒருவரும் இக்குட்டியொன்றை வாங்கினார். அது உறங்கும்போது விடும் குறட்டையைக் கேட்டுக் குழந்தைகள் சிரிப்பர், நாமும் சிரித்தோம். சித்திரை மாதத்து மாலையொன்றில் தெருமுனைவரை சென்று திரும்பிய அளவிலேயே அதன் நாக்கு நீலம் பாரித்தது. வாயிற்படியில் சரிந்து விழுந்தது. நீர் நனைத்து, விசிறி, மருத்துவரிடம் கொண்டு சென்றபின் உயிர் பிழைத்தது. “இது குறட்டை அன்று, மூச்சடைப்பு” என்றார் மருத்துவர். வாங்கியவரோ, அருகிருந்து மகிழ்ந்த நாமோ அவ்வினத்தைப் பற்றி ஒரு பக்கமேனும் படித்திருக்கவில்லை. பிறகு கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம்.

நாய் நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்து, நாக்கு, மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தை ஆவியாக்கியே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. பக் இனத்தில் முகத்தின் எலும்பு குறுகிப்போயிற்று. உள்ளிருக்கும் மென்மையான தசைகள் அந்த அளவிற்குக் குறுகவில்லை. ஆகவே மெல்லண்ணம் நீண்டு மூச்சுவழியை மறைக்கிறது. மூக்குத்துளைகளோ பல நாய்களில் வெறுங் கீற்றுகளாகவே உள்ளன. வெயிற் காலத்தில் எவ்வழியால் வெப்பம் வெளியேற வேண்டுமோ அவ்வழியே அடைபட்டிருக்கிறது. கண்கள் வெளியே துருத்தியிருப்பதால் எளிதில் புண்ணாகும். முகமடிப்புகளில் ஈரம் தங்கித் தோல்நோய் வரும். அழகிய சுருள்வாலும் முதுகெலும்புக் கோளாற்றோடு தொடர்புடையதே.

இவ்வினம் சீன நாட்டினின்று ஐரோப்பா சென்றது. தொடக்கத்தில் இத்துணைத் தட்டையாக இருந்ததில்லை. 1745இல் வில்லியம் ஹோகார்த் எனும் ஆங்கில ஓவியர் தம் உருவத்தோடு தம் பக் நாயையும் வரைந்தார். அதன் மூக்கு இன்றைய பக்கின் மூக்கினும் தெளிவாக நீண்டது. இடைப்பட்ட காலத்தில் மூக்குக் குறுகியது இயற்கையால் அன்று. மனிதர் விரும்பிய முகத்திற்காகத் தேர்ந்து தேர்ந்து இணைசேர்த்ததால். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு 2022இல் வெளியாயிற்று. ஓராண்டில் ஏதேனும் ஒரு நோய் காணும் வாய்ப்பு பிற நாய்களைவிடப் பக்கிற்கு ஏறத்தாழ இரு மடங்கு என்று அது கூறிற்று. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், நம் வெப்பத்திற்கு ஒவ்வாதனவாகக் குறித்த அயல்நாட்டு இனங்களுள் பக் இடம்பெற்றது.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து என்பதைச் சிராவகர் அறிவர்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் அன்போடு வளர்த்த வீட்டில்தான் அந்த உயிர் மூச்சுக்குத் தவித்தது. குட்டி நம் வாயிலுக்கு வருமுன்பே, அதன் உடலமைப்பிலேயே துன்பம் ஏற்றப்பட்டிருந்தது. நாம் கொடுக்கும் விலையே அடுத்த ஈற்றுக்கு முதலாகிறது என்பதையும் மறத்தலாகாது.

எனினும் இவ்வினமே வேண்டுமென்போர் குட்டியைப் பாராது தாயை முதலில் பார்க்கவேண்டும். அது வாயை மூடிக்கொண்டு அமைதியாக உறங்குகிறதா? சிறிது ஓடியபின் இரைச்சலோடு மூச்சு விடுகிறதா? இங்கிலாந்தில் 2019 முதல் நடைமுறையிலுள்ள கேம்பிரிட்ஜ் சோதனையும் இத்தகையதே: நாயை மூன்று நிமிடம் விரைந்து நடக்கச் செய்து, முன்னும் பின்னும் மூச்சைக் கருவியால் கேட்டு, 0 முதல் 3 வரை தரமிடுவர். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்கவே கூடாது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்வோர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலும் ஆகாது. பதிவுச் சான்றைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? முகம் நீண்ட நம் நாட்டு நாயின் குட்டி சற்றுப் பெரிதாக வளரும். ஆனால் நம் வெயில் அதற்குப் பழகியது.

உணவு பற்றியும் ஒரு சொல். பூனையைப் போலன்றி, நாய் புலாலின்றியும் வாழக்கூடியது. ஆயின் தயிர்ச்சோறு மட்டும் போதாது. வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மருத்துவர் வகுத்த அளவில் வேண்டும். பக் எளிதில் பருக்கும். பருத்தால் மூச்சு மேலும் திணறும். பாயசத்து உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. வெங்காயமும் அவ்வாறே, நம் அடுக்களைகள் பலவற்றில் அந்தக் கவலை இல்லை!

உறவினர் வீட்டு நாய்க்கு மூக்குத்துளைகளை அகலப்படுத்தும் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. இப்போது கழுத்துப்பட்டைக்கு மாறாக மார்புப்பட்டை அணிவித்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கே வெளியே அழைத்துச் செல்கின்றனர்.