கிணற்றுப் பாவாடையும் கம்பளி நீச்சலுடையும்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தையில், பழந்துணிக் குவியலுக்கு அடியில் அது கிடந்தது. கருநீலக் கம்பளி. தோளில் இரண்டு பொத்தான்கள். இடுப்புக்குக் கீழே சாண் அகலத்தில் ஒரு பாவாடை மடிப்பு, அதற்குள் சேர்த்துத் தைத்த குட்டைக் கால்சட்டை. குழந்தைக்குப் போடும் குளிர்கால உடை என்றார் விற்றவர். திருப்பூரில் பதினேழு வருடம் சாம்பிள் தைத்த கை என்னுடையது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் அந்த ரிப் பின்னலைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, இது பெரியவர்கள் உடுத்தும் பழைய நீச்சலுடை என்று. நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வல்லத்துக்கு பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் அம்மா அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டா தண்ணியில எறங்குவாங்க? நனஞ்சா ஆளையே உள்ள இழுத்துடுமே" என்றார்.

"நீ எதக் கட்டிக்கிட்டும்மா எறங்குன?" என்று கேட்டேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. பரண்மேல் இருந்த தகரப் பெட்டியிலிருந்து வெளுத்துப்போன சிவப்பு உள்பாவாடை ஒன்றை எடுத்து வந்து என் மடியில் போட்டார். எங்கள் நிலத்துக் கிணற்றில் அவர் நீந்தியதெல்லாம் அதை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான். கடைசிப் படியில் உட்கார்ந்து முதலில் விளிம்பை நனைக்க வேண்டுமாம். நனைக்காமல் குதித்தால் காற்று புகுந்து பாவாடை பந்துபோல் மேலே வந்துவிடும். நீச்சல் பழகும் பெண்பிள்ளைகள் அதே காற்றை வேண்டுமென்றே பிடித்து வைத்து மிதப்பார்களாம். என் சேகரிப்பு அந்த இரண்டு துணிகளிலிருந்து தொடங்கியது. பதினான்கு வருடங்களில் அறுபது உருப்படிகள் சேர்ந்திருக்கின்றன. இதில் இறங்க நினைப்பவர்களுக்காக, நான் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் சொந்த வீட்டுப் பரண்

வெளிநாட்டு உடைகளைச் சேர்த்துவைக்க உலகில் இடங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் பாட் ராப்பனாவ் நகரில் 2020-ல் நீச்சலுடைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். நம் ஊர் கோவணத்துக்கும் பட்டாபட்டிக்கும் அப்படி ஓர் இடம் கிடையாது. கிழிந்ததும் அவை கரித்துணி ஆகிவிடும். அதனால்தான் உள்ளூர்த் துணிகளுக்கு முதலிடம் தருகிறேன்.

கோவணத்துக்குப் பெரும்பாலும் பழைய வேட்டியில் கிழித்த துண்டோ காடாத் துணியோதான். அரைஞாண் கயிறுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே கோவணம் கிடைத்தால் கயிற்றையும் கேட்டு வாங்குங்கள். கயிறு இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது வெறும் துணி. பட்டாபட்டியை உள்ளே திருப்பிப் பாருங்கள். என்னிடம் இருக்கும் பழையது ஒன்றில், கால்களை அகலமாக விரிக்க வசதியாகக் கவட்டில் தனியாக ஒரு சதுரத் துண்டு வைத்திருக்கிறார் தையல்காரர். தவளை நீச்சல் அடிப்பவனுக்கு அந்தச் சதுரம் எவ்வளவு உதவும் என்பது தைப்பவர்களுக்குப் புரியும். சுரைக்குடுவையையும் விடாதீர்கள். முதுகில் அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். உடை அல்லதான், ஆனால் அதையும் உடம்பில் கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கினோம்.

வயதைத் துணியே சொல்லும்

விற்பவர் சொல்லும் வருடத்தை நம்பாதீர்கள். நூலைப் பாருங்கள். 1920-களில் அமெரிக்காவின் ஜான்ட்ஸன் போன்ற நிறுவனங்கள் பின்னிய நீச்சலுடைகள் கம்பளியில் இருந்தன. 1930-களில் ரப்பர் இழையின்மேல் நூல் சுற்றிய லாஸ்டெக்ஸ் வந்தது. 1946 ஜூலை 5 அன்று பாரிஸில் லூயி ரெயார் என்பவர் பிகினியை அறிமுகப்படுத்தினார். அதற்குச் சில நாள் முன்பு அணுகுண்டு சோதனை நடந்த பிகினித் தீவின் பெயரையே அதற்கு வைத்தார். லைக்ரா என்று நாம் அறியும் இழையை டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது 1958-ல். லைக்ரா கலந்த உடையை 1940-களைச் சேர்ந்தது என்று யாராவது விற்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க உடைகளில் துவைக்கும் முறை அச்சிட்ட லேபிள் கட்டாயமானது 1972-ல். அப்படிப்பட்ட லேபிள் இருந்தால் உடை பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

இன்னும் சந்தேகமா? தையலுக்கு உள்ளே மடிந்திருக்கும் விளிம்பிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை. நைலான் உருகி மணிபோல் திரளும்.

துவைப்பதற்கு முன் யோசியுங்கள்

என் பெரிய இழப்பு இதில்தான் நடந்தது. பிரான்ஸில் இருந்து திரும்பிய ஒரு குடும்பம் 1960-களைச் சேர்ந்த ஆண்கள் நீச்சல் கால்சட்டை ஒன்றைத் தந்தது. மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி. நம் ஊர்த் துணி கடல் கடந்து நீச்சலுடையாகித் திரும்பி வந்திருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் போர்வெல் தண்ணீரில் முக்கி எடுத்தேன். சிவப்பு, மஞ்சளில் ஏறியது. நீலம், வெள்ளையில் ஏறியது. அரை மணி நேரத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

பிறகுதான் அந்தத் துணியின் வரலாறு தெரிந்தது. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்கு அனுப்பிய மெட்ராஸ் கட்டத் துணி, துவைத்தபோது சாயம் விட்டது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். கடைசியில் 'சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து, துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயத் துணி என்று விற்றார்கள். உடுத்துகிறவருக்கு அது அழகாக இருக்கலாம். பாதுகாக்க நினைப்பவருக்கு அது எச்சரிக்கை.

இப்போது நான் செய்வது இது. உள்தையல் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்துவேன். பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீரே காட்டமாட்டேன், தூசியைத் தட்டுவதோடு சரி. நிறம் ஏறாவிட்டால் மழைத் தண்ணீரில் துவைப்பேன். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, உப்பு துணியில் தங்கிவிடும். முதல் மழை மொட்டைமாடியைக் கழுவட்டும், இரண்டாம் மழையைப் பிடியுங்கள். அகலமான தட்டில் கொசுவலைத் துண்டை விரித்து, அதன்மேல் உடையைக் கிடத்தி நனையுங்கள். தூக்கும்போது வலையைத்தான் தூக்க வேண்டும். ஈரக் கம்பளியைத் தோளில் பிடித்துத் தூக்கினால் அதன் எடையே அதை நீட்டிக் கெடுத்துவிடும். பிழியாதீர்கள், கொடியில் போடாதீர்கள், சுடுதண்ணீர் பக்கமே போகாதீர்கள். நிழலில், டவல்மேல் பரப்பி உலர்த்துங்கள்.

பூச்சியும் பெட்டியும்

பாச்சை உருண்டை பழைய பிளாஸ்டிக் பொத்தானையும் கொக்கியையும் இளக்கிவிடும். கம்பளியில் அந்துப்பூச்சி அரித்திருந்தால், பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வையுங்கள். தெரிந்த ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கேட்டால் ஃப்ரீசரில் இடம் தருவார். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் துணியில் நீர் கோர்க்கும்.

தகரப் பெட்டி துருக்கறை ஏற்றும். துவைத்துக் கஞ்சி நீக்கிய மல் துணியில் சுற்றி, மடிப்பு விழும் இடங்களில் அதே துணியைச் சுருட்டி வைத்துத்தான் நான் அடுக்குகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை இடம் மாற்ற வேண்டும். லாஸ்டெக்ஸ் உடையைத் தனியாக வையுங்கள். ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்து, பிறகு நொறுங்கும். அதை யாராலும் நிறுத்த முடியாது. இருக்கும்போதே நன்றாகப் படம் எடுத்து, அளவுகளைக் குறித்துவிடுங்கள்.

மரியாதையோடு காட்டுங்கள்

முதல் தடவை பொங்கல் விடுமுறையில் உடைகளைப் பரப்பி வைத்தபோது பக்கத்து வீட்டுப் பெரியப்பா முகம் சுளித்தார். "என்னம்மா இது, கோவணத்தப் போய் கண்ணாடிக்குள்ள வச்சிருக்க?" என்றார். "கிணத்துல உங்கள நீந்த வச்சது இதுதானே பெரியப்பா" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மறுநாள் அவருடைய அரைஞாணும் சுரைக்குடுவையும் வீடு தேடி வந்தன.

உடையைக் குண்டூசியால் குத்தாதீர்கள். அளவாக வெட்டிய அட்டைக்குப் பஞ்சும் மல் துணியும் போர்த்தி, அதன்மேல் போட்டுவிடுங்கள். வெயில் விழாத சுவராகப் பாருங்கள். மூன்று மாதம் காட்சிக்கு வைத்தால், பிறகு ஒரு வருடமாவது இருட்டில் ஓய்வு கொடுங்கள். பெண்கள் உடுத்தியதை அவர்கள் சம்மதம் இல்லாமல் வைக்கவே கூடாது. பெயர் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். என் அம்மாவின் பாவாடைக்கு அருகில் அவர் சொன்ன வார்த்தைகளையே எழுதி வைத்திருக்கிறேன், பெயர் இல்லாமல்.

பக்கத்தில் கொஞ்சம் உலகத்தையும் வையுங்கள். 1954-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்த யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி, 1959-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆரத்தி சாஹா, 1994-ல் சிறுவனாகவே பல நீரிணைகளைக் கடந்த நம் குற்றாலீஸ்வரன் ஆகியோரைப் பற்றிச் சில வரிகள் எழுதி மாட்டியிருக்கிறேன். அந்தச் சுவர் முன்னால் நின்ற ஒரு பள்ளிக்கூடச் சிறுமி, "எங்க ஆயாவுக்கும் நீச்சல் தெரியுமாக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு, மறுநாள் ஆயாவையே கூட்டி வந்தாள்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல தூர்ந்துவிட்டன. அவற்றில் நீந்தியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பாவாடையோ பட்டாபட்டியோ கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடுத்தியவர் உயிரோடு இருக்கும்போதே, எந்தக் கிணற்றில், எந்த வயதில் என்று கேட்டு ஒரு தாளில் எழுதித் துணியோடு சேர்த்து வையுங்கள்.