பில்லுக்குள் ஒளிந்திருந்த போன்

2011 வசந்தத்தில், ஸ்காபுறோவில் ஒரு மோலில் எடுத்த ஐபோன் 4க்கு நான் கையில் கொடுத்த காசு 159 டொலர். அதே போனை அப்பிள் லொக் இல்லாமல் 659 டொலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. 500 டொலர் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து பெருமை வேறு அடித்தேன். அதற்காக மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்ததைப் பற்றி மனைவியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பில் மாதம் 71 டொலர் வரும். அதில் எவ்வளவு போனுக்கு, எவ்வளவு கதைப்பதற்கு என்று பிரித்துக் காட்டும் வரி எங்கும் கிடையாது. அந்த ஒரு வரி இல்லாததில்தான் முழு வியாபாரமும் நடந்தது என்பது விளங்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

முதல் அடி யாழ்ப்பாணத்தில் விழுந்தது. 2012 டிசம்பரில் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்தடியில் ஒரு கடையில் உள்ளூர் சிம் வாங்கிப் போடச் சொன்னேன். கடைக்காரத் தம்பி போட்டுப் பார்த்தான், எடுத்தான், திரும்பப் போட்டான்.

"அண்ணை, இது லொக் போட்ட போன். இஞ்சத்தைச் சிம் எடுக்காது."

"காசு கட்டித்தான் தம்பி வாங்கினது."

"அது சரி அண்ணை. ஆனா போன் இன்னும் உங்கடை இல்லை."

பிறகு அவனிடமே பட்டன் போன் ஒன்று வாங்கினேன். மூன்று கிழமையும் ஐபோன் படம் எடுக்க மட்டும் உதவியது. கனடா திரும்பி லொக்கை எடுக்கச் சொன்னால், அதற்கு 50 டொலர் கேட்டார்கள். வீட்டை விற்றவர் சாவிக்குத் தனியாகக் காசு கேட்பது போல. கட்டினேன்.

இரண்டாவது அடி 2014 வசந்தத்தில், கொன்ட்ராக்ட் முடிந்த பிறகு. 500 டொலரை 36 ஆல் பிரித்தால் மாதம் 14 டொலர் கூட வராது. போனின் கடன் தீர்ந்ததும் பில் 57க்கு இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? நான்கு மாதம் 71 ஆகவே வந்ததை நான் கவனிக்கவில்லை. அழைத்துக் கேட்டபோது, பிளானின் விலையே அதுதான் என்றார்கள். இன்னும் இரண்டு வருடத்துக்கு எழுதினால் புதுப் போன் தரலாமாம். நான் போனை வைத்துவிட்டு, வேலையிடத்து நண்பரின் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சொந்தப் போன், மாதம் 40 டொலர். அவரைவிட நான் மாதம் 31 டொலர் கூடக் கட்டியிருக்கிறேன். 36 மாதத்துக்கு 1,116. நான் 'மிச்சம் பிடித்தது' 500.

அன்று முதல் நான் போனையும் பிளானையும் ஒன்றாக வாங்குவதில்லை.

ஆனால் லொக் இல்லாத போன் என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நினைத்ததும் நான்தான். நண்பர் இருந்த மலிவு நிறுவனத்துக்கு மாற, பழைய போன் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். சிம் போட்டால் சிக்னலே இல்லை. கடையில் நின்ற பிள்ளை விளங்கப்படுத்தினார். கனடாவில் 2008இல் நடந்த ஏலத்தில் அலைவரிசை வாங்கி வந்த புதிய நிறுவனங்களில் பல 1700/2100 மெகாஹெட்ஸில் ஓடின. பெரிய மூன்று நிறுவனங்களின் 3ஜி 850இலும் 1900இலும் ஓடியது. என் போனுக்கு லொக் இல்லை, ஆனால் அந்தக் கோபுரம் கதைக்கிற பாஷை அதற்குத் தெரியாது. இன்றைய போன்களில் அந்தத் தலையிடி குறைவு, ஆனால் முற்றாகப் போகவில்லை. ஊரிலிருந்தோ டுபாயிலிருந்தோ கொண்டுவரும் மலிவு மொடல்களில் வட அமெரிக்காவின் 12, 13, 66, 71 ஆகிய அலைவரிசைப் பாண்ட்கள் சிலவேளை இராது. நகருக்குள் வேலை செய்யும். நிலக்கீழ் அறைக்குப் போனாலோ, நெடுஞ்சாலையில் நகரைத் தாண்டினாலோ கோடுகள் விழுந்துவிடும். மொடலின் முழு எண்ணைப் போட்டுப் பாண்ட் பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். களவு போனவை, தொலைந்தவை என்று அறிவிக்கப்பட்ட போன்களின் பட்டியல் ஒன்றை 2013 செப்டெம்பர் முதல் கனடிய நிறுவனங்கள் பொதுவாக வைத்திருக்கின்றன. அதில் இருக்கிற போன் இங்கே எந்த வலையமைப்பிலும் வேலை செய்யாது. எண்ணை இலவசமாகச் சோதிக்கலாம். காசை நீட்டுவதற்கு முன் சோதியுங்கள்; கோப்பிக் கடை வாசலில் சந்தித்து விற்றவர் பிறகு அகப்படமாட்டார். பழைய உரிமையாளரின் ஐகிளவுட் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே கழற்றச் சொல்லுங்கள்.

சட்டம் எங்கள் பக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 2இல் நடைமுறைக்கு வந்த வயர்லெஸ் கோட், இரண்டு வருடத்துக்குப் பிறகு அபராதம் இல்லாமல் விலகும் உரிமையைத் தந்தது. மூன்று வருடக் கொன்ட்ராக்ட் அதோடு செத்தது. 2017 டிசம்பர் 1 முதல் போன்களை லொக் இல்லாமல்தான் விற்க வேண்டும், பழையவற்றின் லொக்கையும் இலவசமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். லொக் போனதும் கயிறு வேறு உருவத்தில் வந்தது. 2019இல் சில நிறுவனங்கள் 36 மாதத் தவணையைக் கொண்டுவர, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான சி.ஆர்.ரி.சி. நிறுத்தச் சொன்னது. இப்போது பரவலாக இருப்பது 24 மாதத் தவணையும், முடிவில் போனைத் திருப்பிக் கொடுக்கும் திட்டமும்.

என் மருமகன் அப்படி ஒன்று எடுத்தான். "மாமா, மாதம் 20 டொலர்தானே" என்றான். 24 மாதத்தில் 480. அதற்குப் பிறகு 400 டொலர் கட்டினால் போன் அவனுக்கு. இல்லாவிட்டால் கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் போனின் திரை 7ஆம் மாதமே வெடித்துவிட்டது. அந்த 20 டொலருக்காக அவன் எடுக்க வேண்டியிருந்த பிளான், சொந்தப் போன்காரர் எடுக்கும் பிளானைவிட 25 டொலர் கூட. அதை அவன் போனின் விலையில் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

எல்லாக் கொன்ட்ராக்ட்டும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பிளாக் பிரைடே கிழமையிலும் பொக்சிங் டேயிலும் சிலவேளை உண்மையாகவே நல்ல விலை வரும். கடையில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இதே பிளான் போன் இல்லாமல் எவ்வளவு? இரண்டும் ஒரே விலை என்றால் போனை எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். வித்தியாசம் இருந்தால் அதை 24 ஆல் பெருக்கி, தவணையோடும் கடைசியில் கட்டும் தொகையோடும் கூட்டி, போனின் கடை விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நேரே வாங்குவதில் வலி முதல் நாளில்தான். 600 டொலர் போனுக்கு ஒன்ராறியோவில் 13 வீத வரியாக 78 டொலர்; ஒரே நாளில் 678 கையை விட்டுப் போகும். அதனால் நான் போன வருடத்து மொடலையோ, உற்பத்தி நிறுவனமே திருத்தி விற்பதையோதான் வாங்குகிறேன். நாலாவது வருடம் பற்றரி மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். பழைய பில்லுக்கும் இன்றைய பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் வேறு கணக்கில் போட்டு வைக்கிறேன். அடுத்த போன் அங்கிருந்து வரும்.

ஊருக்குப் போன் அனுப்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் தட்டு கிடையாது, இசிம் மட்டுந்தான். ஐபோன் 17இல் கனடாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சித்தியின் கையில் இருப்பது பிளாஸ்டிக் சிம் என்றால், லொக் இல்லாத போனும் அவருக்கு உதவாது.

என் பில் இப்போது மாதம் 34 டொலர். நீங்கள் தவணையில் இருந்தால், அது எந்த மாதம் முடிகிறது என்று பில்லில் பார்த்து இன்றைக்கே கலண்டரில் குறித்துவையுங்கள். முடிந்த அடுத்த நாள் நீங்கள்தான் அவர்களை அழைக்க வேண்டும்.